பந்தைக் கையில் எடுத்தவர்கள்

மட்ச் தோற்றுவிட்டு வந்தால் எங்கட ஊரில் முதலில் கேட்கிற வசனம், "பொடியளுக்கு மனத்தைரியம் காணாது" என்பதுதான். ஏதோ தைரியம் பிறக்கும்போதே கூட வரவேண்டிய சாமான் மாதிரி. ஒரு காலத்தில் பிரேசில் நாடே தன்னைப் பற்றி இப்படித்தான் கதைத்தது.

1950 ஜூலை 16, ரியோவின் மரக்கானா மைதானம். சமநிலை கிடைத்தாலே உலகக் கிண்ணம் பிரேசிலுக்குத்தான். 47ஆவது நிமிடத்தில் பிரேசில் கோல் அடித்தது. கிட்டத்தட்ட 2 இலட்சம் சனம் ஆர்ப்பரித்தது. உருகுவே அணித்தலைவர் ஒப்துலியோ வரேலா அவசரப்படவில்லை. பந்தைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, 'ஓஃப்சைட்' என்று நடுவரோடு வாதாடிக்கொண்டு நின்றார். கோல் கோல்தான். ஆனால் அந்த இடைவெளியில் சனத்தின் சத்தம் அடங்கியது. அவருடைய ஆட்களுக்கும் மூச்சு வந்தது. கடைசியில் உருகுவே 2-1 என வென்றது.

பழி யார் தலையில் விழுந்தது? கோல் காப்பாளர் பார்போசா, பின்வரிசையில் ஆடிய பிகோடே, ஜுவெனால். மூவரும் கறுப்பினத்தவர்கள். இவர்களுக்கு நெஞ்சுரம் போதாது என்று இனத்தை வைத்தே தீர்ப்பு எழுதினார்கள். 2000ஆம் ஆண்டு சாகும்வரை பார்போசாவை அந்தப் பழி விடவில்லை.

1958 உலகக் கிண்ணத்துக்குப் போகும்போது பிரேசில் ஓர் உளவியலாளரை அமர்த்தியது. பெயர் ஜோவாவ் கர்வல்யேஸ். வீரர்களுக்குப் பரீட்சை வைத்த அவர், 17 வயதுப் பெலே இன்னும் சின்னப்பிள்ளை, கரிஞ்சாவும் சரிவரமாட்டார் என்றார். பயிற்றுவிப்பாளர் பியோலா அதைக் கேட்கவில்லை. சோவியத் யூனியனுக்கு எதிராக இருவரையும் இறக்கினார். பிரேசில் 2-0 என வென்றது.

ஜூன் 29, சுவீடனுக்கு எதிரான இறுதியாட்டம். 4ஆவது நிமிடத்திலேயே சுவீடன் கோல் போட்டுவிட்டது. அந்தத் தொடரில் பிரேசில் பின்தங்கியது அதுதான் முதல் தடவை. எல்லோருக்கும் மரக்கானா ஞாபகம் வந்திருக்கும். அப்போது கறுப்பின வீரர் டிடி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆறுதலாக, தன் ஆட்களோடு கதைத்தபடி மைதானத்தின் நடுவுக்கு நடந்து வந்தார். 9ஆவது நிமிடத்தில் ஆட்டம் சமநிலை. முடிவு 5-2. பெலே மட்டும் 2 கோல்கள்.

வரேலா செய்ததும் டிடி செய்ததும் ஒன்றுதான்: பதற்றத்துக்கு நடுவில் நேரத்தை மெதுவாக்கினார்கள். இதில் இரத்தமும் இனமும் எங்கே வந்தது? இன்றைய விளையாட்டு உளவியல் இதைத் திறன் என்றே பார்க்கிறது. மூச்சை நிதானப்படுத்துவது, தனக்குத்தானே நல்லதாக நாலு வார்த்தை சொல்வது, ஆட்டத்தை மனக்கண்ணில் முதலே ஆடிப்பார்ப்பது: எல்லாமே பந்தடிப்பது மாதிரி பழகிப் பழகி வருகிறவைதான். பழக்காமல் விட்டுவிட்டு 'தைரியம் இல்லை' என்று சொல்வது நியாயமில்லை.

அடுத்தமுறை எங்கட அணி கோல் வாங்கினால், வலைக்குள் கிடக்கிற பந்தை எடுக்க யார் போகிறார் என்று பார்ப்போம்.