பெரம்பூர்ப் பெட்டியும் மருதையாற்றுப் பாலமும்

"மலருக்கு ஒரு கட்டுரை கொடு தம்பி, ஹாஸ்டல் கதையா இருந்தாலும் சரி" என்று சங்கத்து அண்ணன் ஒருவர் போனில் கேட்டார். ஹாஸ்டல் கதைகளை எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நம் செட்டிலேயே உண்டு. எனவே நான் ஒரு ரயில் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

வெளியூரில் "நான் பெரம்பலூர்ல படிச்சவன்" என்றால், "பெரம்பூரா? ரயில் பெட்டி செய்யற ஊர்தானே?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம்ம ஊரில் ரயில் பெட்டி என்ன, ரயில் நிலையமே கிடையாது. விடுமுறை விட்டால் சுமார் 30 கி.மீ. பஸ்ஸில் அரியலூர் போய், பல்லவனுக்காகக் காத்து நின்ற கூட்டம்தானே நாம்! அன்று நாம் ஏறிய நீலநிறப் பெட்டிகள் பெரம்பூர் ஐ.சி.எஃப். வடிவமைப்பு. அதே பெட்டியைத்தான் சென்ற வருடம் என் மகளுக்காக பிளாஸ்டிக் தகட்டில் மாடலாகச் செய்தேன்.

மாடல் ரயில்காரர்களிடம் அதிகம் புழங்கும் அளவு 87-க்கு 1. அசல் பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 24.5 செ.மீ. அகலம் 3.245 மீட்டர், மாடலில் 37 மி.மீ. 915 மி.மீ. சக்கரம் 10.5 மி.மீ. ஆகிறது. தண்டவாளத்தில் மட்டும் ஒரு சிக்கல். நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; கணக்குப்படி மாடலுக்கு 19.3 மி.மீ. வேண்டும். கடையில் கிடைப்பதோ வெளிநாட்டு ரயிலுக்கான 16.5 மி.மீ. பாதை. பெட்டி சரி, பாதை பொய். பரவாயில்லை என்று ஓட்டினோம்.

ஒருநாள் மகள் கைதவறிப் பெட்டியை மேசையிலிருந்து கீழே போட்டுவிட்டாள். ஒரு கீறல்கூட இல்லை. "அப்பா, நிஜ ரயில் விழுந்தாலும் இப்படித்தானே, ஒண்ணும் ஆகாதில்ல?" என்றாள். என்ஜினீயர் அப்பனுக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

மேசையின் உயரம் முக்கால் மீட்டர். அளவுப்படி அது 65 மீட்டர் பள்ளம். மாடல் பிழைத்ததற்குக் காரணம் நம் முதலாண்டுப் பாடத்திலேயே இருக்கிறது. நீளம் 87 மடங்கு குறைந்தால், பலம் தரும் குறுக்குவெட்டுப் பரப்பு 87-ன் இருமடிப்படி குறைகிறது; எடையோ மும்மடிப்படி குறைகிறது. 37 டன் பெட்டி அளவுப்படி 56 கிராம்தான்! சிறியது விழுந்தால் தப்பும், பெரியது தப்பாது. பொம்மை சொல்லும் இந்தப் பொய்க்கு விடை நம் அரியலூரிலேயே இருக்கிறது.

முதலில் பெட்டியின் கதை. அந்நாளில் ஓடிய பெட்டிகள் பல, இரும்புச் சட்டத்தின் மேல் மர உடல் வைத்தவை. மோதினால் ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குள் குழாய்க்குள் குழாய் நுழைவது போல நுழைந்துவிடும். இதை மாற்ற 1949-ல் ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆயிற்று. தளம், பக்கச்சுவர், கூரை எல்லாம் எஃகால் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, முழு உடலும் சேர்ந்து சுமை தாங்கும் வடிவம் அது. 2.10.1955 அன்று பண்டித நேரு பெரம்பூர்த் தொழிற்சாலையைத் தொடங்கி வைத்தார். அப்போதைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அன்று அவருக்குப் பிறந்த நாளும்கூட.

அடுத்த ஆண்டு, 23.11.1956 விடியற்காலை. கனமழையில் மருதையாறு பெருக்கெடுத்து ஓடியது. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே பாலத்தில் ஏறியபோது, வெள்ளத்தால் பலமிழந்திருந்த பாலம் தாங்கவில்லை. நீராவி என்ஜினும் அதைத் தொடர்ந்து பல பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. ஏறக்குறைய 150 பேர் மாண்டார்கள். அப்போது அது மீட்டர் கேஜ் பாதை. பெரம்பூரின் புதுப் பெட்டிகள் அதில் ஓடவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் விபத்தின்போது சாஸ்திரி ராஜினாமா கொடுக்க, நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார், இம்முறை ஏற்கப்பட்டது. ஆற்றில் வெள்ளம் வந்ததற்கு அமைச்சர் என்ன செய்வார் என்று யாரும் கேட்கலாம். அவர் அப்படிக் கேட்கவில்லை. 1957 தேர்தலில், துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனை எதிர்த்து அரியலூரின் பெயர் மேடைதோறும் ஒலித்தது.

எஃகுப் பெட்டியாக இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்களா? சில உயிர்கள் மிஞ்சியிருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. பெட்டி எத்தனை பலமானாலும் அதைத் தாங்குவது பாலம். பாலத்தைத் தாங்குவது அடியில் இருக்கும் மண். அந்த மண் கரையாமல் பார்த்துக்கொள்வது மழைக்காலத்தில் விளக்கோடு நடந்து ரோந்து போகும் ஊழியரின் கண். பெட்டி செய்பவர் பெட்டியை மட்டும் பார்த்தால் போதாது.

ஐ.சி.எஃப். தன் பழைய வடிவப் பெட்டிகள் செய்வதை 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டது. இப்போது ஜெர்மன் வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டிகள். அவற்றின் நீளம் 23.54 மீட்டர்; மாடலில் 27 செ.மீ. தடம்புரண்டாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி தடுக்கும் இணைப்பு அவற்றில் உண்டு. முன்னேற்றம்தான், சந்தேகமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரியலூர் தனி மாவட்டமாக மறுபடி உதயமானது 2007-ல், அதே நவம்பர் 23 அன்று. தற்செயல்தான். ஆனாலும் மாவட்டத்தின் பிறந்த நாளில் அந்தப் பழைய விடியற்காலையையும் ஒரு நிமிடம் நினைக்கலாம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் கையெழுத்துப் போடும் வரைபடத்தின் மேல் யாரோ முகம் தெரியாதவர்கள் தூங்கிக்கொண்டே பயணம் போவார்கள். கம்ப்யூட்டரில் உள்ள மாடல் உடையவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். அடியில் இருக்கும் மண்ணையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மகளுக்குக் கடைசியில் இப்படித்தான் சொன்னேன்: "நிஜ ரயில் விழுந்தா உடையும்மா. அது விழாம பாத்துக்கறதுதான் எங்க வேலை."