எம்16 துப்பாக்கி: வியட்நாம் காலக் கோளாறுகள்

யூஜின் ஸ்டோனரின் ஏஆர்-15 வடிவமைப்பிலிருந்து உருவான அமெரிக்கப் படைத் துப்பாக்கி. 1960களின் நடுவில் வியட்நாம் போர்க்களத்தில் இது பல வீரர்களைக் கைவிட்டது. சுட்டபின் வெற்றுத் தோட்டா உறை துப்பாக்கியின் அறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போதே, குழல்வாய் வழியே துப்புரவுக் கம்பியைச் செருகி அதை இடித்துத் தள்ள வேண்டும். அந்தக் கம்பியும் பலரிடம் இல்லை. அடிக்கடி துடைக்கத் தேவையில்லாத ஆயுதம் என்ற எண்ணத்தில் துப்புரவுக் கருவிகள் போதிய அளவு வழங்கப்படவில்லை. இந்தக் கோளாறுகளில் ஸ்டோனரைவிட ராணுவ அதிகாரிகளின் பொறுப்பே பெரிது. அவர்கள் வெடிமருந்தை உருண்டைத்தூள் வகைக்கு மாற்றினர். சுடும் வேகம் கூடியது, கரியும் படிந்தது. குரோமியப் பூச்சில்லாத அறை ஈரத்தில் துருப்பிடித்தது. 1967இல் ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையிலான அமெரிக்கக் காங்கிரஸ் துணைக்குழு ராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அறைக்குக் குரோமியப் பூச்சும் வீரர்களுக்குத் துப்புரவுப் பயிற்சியும் வந்தபின் எம்16ஏ1 நம்பகமான ஆயுதமாயிற்று.