பிக்கப் வண்டியில் 'டிக்... டிக்...' சத்தமா? செலவு செய்யும் முன் இதை கவனிங்க!

பாடாலூர் பக்கம் சின்ன வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திருச்சிக்குக் கிளம்புகிறது ஒரு பிக்கப் வண்டி. ஸ்டார்ட் செய்ததும் 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினால் கேட்காது, குறைத்தால் மறுபடியும் கேட்கும். "டீசல் வண்டின்னா அப்படித்தான்" என்று சிலர் விட்டுவிடுவார்கள். சிலர் பயந்துபோய் இன்ஜினையே பிரிக்கச் சொல்லிவிடுவார்கள். இரண்டுமே தவறாகப் போகலாம்.

பெரம்பலூரில் வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி என்றால், அரியலூரில் சிமென்ட், முந்திரி. இரு மாவட்டங்களிலும் சரக்கு நகர வேண்டும் என்றால் பிக்கப்பும் 'குட்டி யானை'யும்தான் கை கொடுக்கின்றன. வண்டி ஒரு நாள் நின்றால் வாடகை போச்சு. தவணை மட்டும் நிற்காது. எனவே அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் நாமே கண்டுபிடிப்பது எப்படி? பார்க்கலாம்.

இன்ஜினா, சக்கரமா?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்.

வண்டியை சமமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து மெதுவாக ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப 'டிக் டிக்'கும் வேகமானால், கோளாறு இன்ஜின் பக்கம். நிற்கும்போது சத்தமே இல்லை, ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் சக்கரம் அல்லது அதற்குச் சுழற்சியைக் கடத்தும் பாகங்கள் பக்கம்.

சந்தேகம் தீரவில்லையா? ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நியூட்ரல் போட்டுப் பாருங்கள். இன்ஜின் சத்தம் இறங்கிய பிறகும் 'டிக்' அதே வேகத்தில் வந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் சத்தம். சாவியை மட்டும் அணைக்கவே கூடாது. பிரேக் கடினமாகிவிடும், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளலாம்.

எண்ணிப் பார்த்தாலும் தெரியும். 15 அங்குல ரிம் கொண்ட பிக்கப்பின் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 2.2 மீட்டர் ஓடும். 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு இரண்டு, மூன்று 'டிக்' வரும். ஆனால் ஐடிலில் 800 ஆர்பிஎம் ஓடும் இன்ஜினில் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறை திறந்து மூடும். அதாவது நொடிக்கு ஆறு, ஏழு முறை. எண்ண முடிகிற அளவுக்கு மெதுவான சத்தம் என்றால் பெரும்பாலும் சக்கரம்தான்.

சக்கரம் என்றால் என்ன பார்ப்பது?

முதல் சந்தேகம், டயர் பள்ளத்தில் சிக்கிய ஜல்லி. குவாரி, கிரஷர், சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கும் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு இது சகஜம். வண்டியை நிறுத்திவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தால் போதும், செலவு பூஜ்ஜியம். ஆனால் சிக்கியிருப்பது ஆணி என்றால் ரோட்டோரத்தில் பிடுங்கக் கூடாது. காற்று மொத்தமும் இறங்கிவிடும். மெதுவாக பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய் எடுப்பதே சரி.

அடுத்து வீல் நட். சமீபத்தில் பஞ்சர் பார்த்தீர்களா, ஸ்டெப்னி மாற்றினீர்களா? அதற்குப் பிறகு சத்தம் வந்தால் உடனே ஓரங்கட்டி நட்டுகளை முறுக்கிப் பாருங்கள். லூசான நட்டோடு ஓட்டினால் சக்கரமே கழன்றுவிடும். சக்கரம் மாற்றி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை முறுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

வண்டியை எடுக்கும்போதும் கியர் மாற்றும்போதும் மட்டும் 'டக்' என்று கேட்டால் அடியில் ஓடும் நீண்ட ஷாஃப்ட்டின் யூஜே கிராஸ் தேய்ந்திருக்கலாம். கிளட்சை அழுத்தும்போது மட்டும் சத்தம் மாறினால் கிளட்ச் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜின் என்றால்?

முதலில் ஆயில். வண்டியை சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து, பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் அதே கிரேடு ஆயிலை ஊற்ற வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. ஆயில் குறைந்தால் மேலே உள்ள வால்வு பாகங்களுக்கு எண்ணெய்ப் பசை போதாமல் 'டிக் டிக்' ஆரம்பிக்கும். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் "பக்கத்து ஊர் வரைக்கும் போயிடலாம்" என்று நினைக்கவே வேண்டாம். அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள். சில நிமிடங்களிலேயே இன்ஜின் பிடித்துக்கொள்ளலாம்.

ஆயில் சரி, சத்தம் மட்டும் வருகிறது என்றால் டாப்பெட் இடைவெளி கூடியிருக்கலாம். கம்பெனி கையேட்டில் உள்ள அளவுக்கு ஃபில்லர் கேஜ் வைத்து மெக்கானிக் சரிசெய்வார். ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள இன்ஜின்களில் இந்த செட்டிங் தேவைப்படாது.

காலையில் அதிகமாகக் கேட்டு, சூடானதும் குறைகிறதா? சைலன்சர் பைப் தொடங்கும் இடத்தில் உள்ள கேஸ்கட்டில் கசிவு இருக்கலாம். சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளி அடைபடுவதால்தான் சத்தம் குறைகிறது. இணைப்பு அருகே கரி படிந்திருந்தால் சந்தேகம் உறுதி. புகை வாசம் கேபினுக்குள் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். முக்கியமாக, இன்ஜினை ஓடவிட்டு கேபினில் தூங்கக் கூடாது. நச்சுப் புகை உயிருக்கே ஆபத்து.

கவலைப்பட வேண்டாத சத்தங்கள் எவை?

காமன் ரெயில் டீசல் இன்ஜின்களில் இன்ஜெக்டர் ஒரே சீராக லேசாகத் தட்டுவது இயல்பு. அணைத்த பிறகு அடியில் 'டிக்... டிக்...' என்று கேட்பது, சூடான பைப் ஆறும் சத்தம். இண்டிகேட்டர் போட்டதும் வழக்கத்தைவிட வேகமாக 'டிக் டிக்' வந்தால் பல்ப் ஒன்று போயிருக்கிறது, அவ்ளோதான்.

கேட்டுப் பார்ப்பது எப்படி?

மெக்கானிக்குகளின் பழைய உத்தி, நீளமான ஸ்க்ரூ டிரைவர். நுனியை இன்ஜின் பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்தால் எந்த இடத்தில் தட்டுகிறது என்பது துல்லியமாகக் கேட்கும். ஆனால் தோளில் துண்டு, தொங்கும் லுங்கியோடு ஓடும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது. 'குட்டி யானை' போன்ற வண்டிகளில் இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் உள்ளே உட்கார்ந்து கேட்டால் எல்லாச் சத்தமும் ஒரே இடத்தில் வருவதுபோலத் தோன்றும். இறங்கி நின்று கேட்பதே நல்லது.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

"ஏதோ சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நின்றாலா, ஓடினாலா? காலையிலா, சூடான பிறகா? காலி வண்டியிலா, லோடு ஏற்றினாலா? கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள்? இந்த நான்கையும் சொல்லுங்கள். செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்து காட்டினால் இன்னும் நல்லது. தேவையில்லாமல் இன்ஜினைப் பிரிக்கும் செலவு மிச்சம், வண்டியும் சீக்கிரம் ரோட்டுக்கு வந்துவிடும்.