பள்ளிக் கோப்பும் குற்றவியல் நீதிமன்றமும்: கற்றல் குறைபாட்டை எங்கே தேடுவது?

கற்றல் குறைபாடு, குற்றவியல் நீதி ஆகிய இரண்டையும் இணைத்து ஆராய்வோர், குற்றஞ்சாட்டப்பட்டவரின் அறிவுத்திறன் ஈவை, அதாவது உளவியல் சோதனையில் கிடைக்கும் மதிப்பெண்ணை, முதன்மைச் சான்றாகக் கொள்வது வழக்கம். அந்த எண்ணால் எவ்வளவு குறைவாகவே சொல்ல முடியும் என்பதை மலேசியத் தமிழர் துயரத்துடன் அறிந்த வழக்கு ஒன்று காட்டுகிறது. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல் 42.72 கிராம் ஹெராயினுடன் சிங்கப்பூர் எல்லையில் கைதானார். அவருடைய ஈவு 69 என மதிப்பிடப்பட்டபோதிலும், மரண தண்டனையிலிருந்து விலக்களிக்க 2013இல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் கோரும் அளவுக்கு அவரது மனநிலை குன்றியிருக்கவில்லை என்று நீதிமன்றங்கள் முடிவுசெய்ததால், 2022 ஏப்ரல் 27 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

இங்கிலாந்தில் இதே எண் வேறு விதமாகச் செயல்பட்டது. 1985 டோட்டன்ஹாம் கலவரத்தில் நிகழ்ந்த காவலர் கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட எஞ்சின் ராகிப்பின் ஈவு 69ஐத் தாண்டியிருந்தது; அவர் தரப்பு உளவியல் சான்று முதலில் ஏற்கப்படவில்லை. 1991இல் மேல்முறையீட்டு மன்றம் 69 என்ற எல்லைக்கோட்டை ஏற்க மறுத்து, தண்டனையை ரத்துசெய்தது. ரெய்க்யாவிக்கில் துப்பறிவாளராகப் பணியாற்றிப் பின்னர் உளவியலாளரான கிஸ்லி குட்ஜான்சன், விசாரிப்பவரின் சொல்லுக்கு இணங்கிவிடும் இயல்பை அளக்க 1984இல் வெளியிட்ட அளவுகோல், ஈவுக்கு அப்பால் பார்க்க நீதிமன்றங்களைப் பழக்கியது. ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் உழைப்பு சட்டத்தை அசைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஆனால் குட்ஜான்சனின் கருவி கைதுக்குப் பிந்தியது. மலேசியச் சூழலில் ஆய்வு இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். கோல லங்காட் மாவட்டத்தில், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களை ஒட்டிய ஜெஞ்சாரோம் போன்ற ஊர்களில், தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயிலும் பிள்ளை பின்னர் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. அங்கே வாசிக்கத் தடுமாறினால், அது மலாய்மொழிப் பலவீனம் என்றே கொள்ளப்பட்டு, மலாயை வலுப்படுத்தும் புகுமுக வகுப்போடு விளக்கம் முடிந்துவிடுகிறது. 2010இல் தொடங்கிய லினஸ் திட்டமும் மலாய் எழுத்தறிவையும் எண்ணறிவையுமே அளந்து, 2013இல் ஆங்கிலத்தைச் சேர்த்துக்கொண்டதே தவிர, தாய்மொழி வாசிப்பைத் தொடவில்லை. தடுமாற்றத்தின் வேர் தெரிவதோ தாய்மொழி வாசிப்பில்தான். தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னே எழுதப்பட்டு, அதற்குப் பின்னே ஒலிக்கின்றன. வீட்டில் சரளமாகத் தமிழ் பேசும் பிள்ளை நான்காம் ஆண்டிலும் ‘கெ’, ‘கே’ இரண்டையும் பிரித்தறியத் திணறினால், அதை மலாயின் மேல் ஏற்றிவிட முடியாது. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடும், பொது அறிவுத்திறன் குன்றிய நிலையும் வேறுவேறானவை. சமூகநலத் துறையின் மாற்றுத்திறனாளர் பதிவு இரண்டையும் ஒரே வகைக்குள் அடக்குவதால், இந்த வேறுபாடு கோப்பிலும் மறைந்துவிடுகிறது.

இந்த மறைவின் விலை நீதிமன்றத்தில் தெரியும். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றத்தை ஒப்புக்கொள்பவர் தம் ஒப்புதலின் தன்மையையும் விளைவையும் புரிந்துகொண்டாரா என நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. புரிகிறதா என்று கேட்டால், புரியாததை மறைத்தே பள்ளி வாழ்வைக் கடந்தவர் ‘ஆம்’ என்றே தலையசைப்பார். அந்தத் தலையசைப்பே பதிவாகும்.

எனவே தாய்மொழி வாசிப்பில் காணும் தடுமாற்றத்தைப் பள்ளிக் கோப்பிலேயே பதிந்துவைக்க வேண்டும். அத்தகைய பள்ளிப் பதிவு பிள்ளைக்கு எதிராகவே திரும்பக்கூடும், ‘இவன் அப்படித்தான்’ என்ற முத்திரையாகிவிடும் என்ற மறுப்பு வலுவானது. ஏற்கெனவே சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படும் தோட்டப்புற இளைஞர்களைப் பொறுத்தவரை அது கற்பனை அச்சமும் அன்று. ஆகவே அக்கோப்பைத் திறக்கும் உரிமை காவல்துறைக்கும் அரசுத் தரப்புக்கும் இல்லாமல், குற்றஞ்சாட்டப்பட்டவரிடமும் அவர் சம்மதத்தின் பேரில் அவருடைய வழக்கறிஞரிடமும் மட்டுமே இருக்க வேண்டும்.