காலாண்டுத் தாளுக்கு வந்த வாழ்வு

2020 ஜூன் 9. கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து, எல்லாரும் பாஸ் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. 9 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள். சரி, மதிப்பெண்? காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 சதவீதம், வருகைப்பதிவிலிருந்து 20 சதவீதம். காலாண்டுத் தாளுக்கு ஒரே நாளில் வந்த வாழ்வு அது. "பப்ளிக்ல பாத்துக்கலாம்" என்று அரையாண்டில் கோட்டைவிட்டவனுக்கு, பார்த்துக்கொள்ள பப்ளிக்கே இல்லை.

பத்து வருஷம் கூடவே இருந்த பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேறெதுவும் இல்லையா?

அதைக் குறித்துவைக்கச் சொல்லி 67 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிக்கொடுத்தவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தேர்வுகளுக்கு நடுவிலேயே வாழ்ந்தவர். அவர் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் 1953 அறிக்கையில் சொன்னது இதுதான்: வெளித்தேர்வுகளைக் குறையுங்கள், ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளி ஒரு பதிவேடு வைக்கட்டும், இறுதி மதிப்பீட்டில் அதற்கும் இடம் கொடுங்கள். நடந்தது என்ன? 'திரள் பதிவேடு' என்பது பி.எட். படிப்பவர்கள் மனப்பாடம் செய்து தேர்வெழுதும் ஒரு தலைப்பானது.

1986 கல்விக் கொள்கை தொடர் மதிப்பீட்டைப் பேசியது, 2009 கல்வி உரிமைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. 2012-13இல் முப்பருவ முறையோடு இங்கே எட்டாம் வகுப்புவரை வந்தது. புத்தகம் மூன்றாகப் பிரிந்து பை எடை குறைந்ததே, அது நிஜமான லாபம். மதிப்பெண்ணில் தொகுத்தறி 60, வளரறி 40. வளரறியில் செயல்பாடுகளுக்கு 20 (அ), சிறுதேர்வுகளுக்கு 20 (ஆ).

'வளரறி' அழகான சொல். ஆனால் ஒரு தொடக்கப்பள்ளி டீச்சரிடம் 40 பிள்ளைகள் என்று வையுங்கள். ஐந்து பாடம், மூன்று பருவம், அ-வும் ஆ-வும்: வருஷத்துக்கு 1,200 மதிப்பெண் பதிய வேண்டும். பிள்ளையைக் கவனிக்க வேண்டிய நேரம் நோட்டை நிரப்பவே போய்விடும். பிறகு பருவக் கடைசியில் உட்கார்ந்து எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது என்று போடத்தானே செய்வார்? டீச்சரைக் குறைசொல்ல எனக்கு மனசு வரவில்லை. கவனிப்பையும் மதிப்பெண்ணாகவே கேட்டது முறைதான்.

அடுத்த ஆண்டு அது ஒன்பதாம் வகுப்புக்குப் போனது. பத்தாம் வகுப்புக்குள் நுழையவே இல்லை.

2020இல் பத்தாவது படித்தவர்கள் 2012இல் மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். ஒட்டிக்கொண்டுவந்த இலைகள், வரைந்த படங்கள், மேடையேறிச் சொன்ன கதைகள் எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் மதிப்பெண் வாங்கியவர்கள். அந்த நோட்டுகளை யாரும் கேட்கவில்லை. கணக்கில் வந்தவை இரண்டு பரீட்சையும், எத்தனை நாள் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள் என்பதும்தான்.