ஆங்கில உடைமைக் குறியின் வரலாறு

ஆங்கிலம் பயிலும் மாணவரின் பயிற்சிப் புத்தகங்களிற் சிவப்பு மையாற் காட்டப்படும் பிழைகளுள் உருவிற் சிறியதும், எண்ணிக்கையிற் பெரியதுமான பிழையொன்றுண்டு. எழுத்தின் தலைக்கருகே காற்புள்ளிபோலத் தொங்கும் அப்பொஸ்திரபி என்னும் குறியை இடவேண்டியவிடத்து இடாமையும், இடலாகாதவிடத்து இடுதலுமே அது. இக்குறிக்குரிய விதிகள் ஆங்கிலம் தோன்றிய நாள்தொட்டு உள்ளன என்றே மாணவர் பலர் கருதுவர். வரலாறு அதற்கு மாறாகவுள்ளது. அதனைச் சுருக்கமாக ஈண்டு நோக்குவாம்.

பழைய ஆங்கிலம், தமிழைப் போல, வேற்றுமைகளைப் பெயரின் ஈற்றாற் காட்டிய மொழி. ஆறாம் வேற்றுமைப் பொருளில் ஆண்பாற் பெயர்களும் அஃறிணைப் பெயர்களும் பெரும்பாலும் 'ஈ', 'எஸ்' என்னும் ஈரெழுத்தாலாகிய ஈற்றைப் பெற்றன. 'கல்' எனப் பொருள்படும் 'ஸ்தான்' என்னும் சொல், 'கல்லினது' என்னும் பொருளில் 'ஸ்தானெஸ்' என வந்தது. ஏனைய பெயர்கள் வேறு ஈறுகளைக் கொண்டன. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றதன் பின்வந்த நூற்றாண்டுகளிற் பிற ஈறுகள் தேய்ந்தொழிய, இவ்வொரே ஈறு பெரும்பாலான பெயர்களுக்கும் பொதுவாக நிலைத்தது. அக்காலத்து எழுத்தில் உடைமைக்கெனக் குறி எதுவும் இருந்ததில்லை.

அப்பொஸ்திரபி என்பது 'அப்பால் திரும்புதல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பதினாறாம் நூற்றாண்டிற் பிரான்சிய அச்சகத்தார் கையாண்ட இக்குறி, அந்நூற்றாண்டிலேயே ஆங்கில நூல்களிலும் இடம்பெற்றது. ஓர் எழுத்துக் கெட்டது என அறிவித்தலே அதன் முதற்றொழில். நம் இலக்கணத்தார் கெடுதல் விகாரம் எனப் பெயரிட்டமைந்ததை ஆங்கிலேயர் குறியிட்டுக் காட்டினர். 'டூ நொற்' என்பது 'டோன்ற்' எனக் குறுகுவது இதற்கு எடுத்துக்காட்டு. இத்தகைய குறுக்கங்கள் மொழியைச் சிதைப்பன என யோனதன் சுவிவ்ற் 1710 இல் 'டற்லர்' இதழில் இகழ்ந்தெழுதினார். அவற்றுட் பல அவருக்குப் பின்னும் வாழ்கின்றன.

கெடுதலைக் காட்டிய குறி உடைமையைக் காட்டவந்தது எவ்வாறு? உடைமை ஈற்றிலிருந்த 'ஈ' பெரும்பாலும் ஒலியிற் கெட்டது. அவ்விடத்தே குறி வந்தமைந்தது. இதனோடு பிறிதொரு கருத்தும் துணைநின்றது. 'அவனது' எனப் பொருள்படும் 'ஹிஸ்' என்னும் சொல்லே குறுகி 'எஸ்' ஆயிற்றெனக் கற்றோர் பலர் நம்பினர். விரைந்த பேச்சில் 'ஹிஸ்' என்பதன் முதலெழுத்து மெலிந்து, உடைமை ஈற்றைப்போலவே ஒலித்தமை இம்மயக்கத்துக்கு இடமளித்தது. பென் ஜோன்சன் 1605 இல் வெளியிட்ட நாடகத்தின் பெயரே, சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின், 'செயானசு அவனது வீழ்ச்சி' என அமையும். 1711 இல் யோசப் அடிசனும், 'எஸ்' என்னும் ஓரெழுத்து முன்னோர் வழங்கிய 'அவனது', 'அவளது' என்னும் சொற்களுக்கு ஈடாக நிற்கின்றதென 'ஸ்பெக்ரேற்றர்' இதழில் எழுதினார். 1755 இல் வெளிவந்த அகராதியின் இலக்கணப் பகுதியிற் சாமுவேல் ஜோன்சன் இக்கொள்கையை மறுத்தார். பெண்பாற் பெயர்களும் இதே ஈற்றைப் பெறுகின்றன என்பது அவர் காட்டிய ஏது. 'ஹிஸ்' என்பதே மூலமாயின், 'பெண்ணின் அழகு' என்பதைப் 'பெண் அவனது அழகு' என்றன்றோ கொள்ளவேண்டும்! கொள்கை வீழ்ந்தது, குறியோ வீழவில்லை.

அக்குறியும் உடனே நிலைபெற்றதன்று. 1623 இல் அச்சான சேக்ஸ்பியர் நாடகத் தொகுதியில் 'குளிர்காலக் கதை' என்னும் பொருளுடைய நாடகத்தின் பெயர் உடைமைக் குறியின்றியே காணப்படுகின்றது. ஒருமைப் பெயர்களுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் வழக்கு உறுதியாயிற்று. பன்மைப் பெயர்களில் 'எஸ்' எழுத்தின் பின்னே குறியிடும் வழக்கு அதனினும் பிந்தியது.

'அதனது' எனப் பொருள்படும் 'இற்ஸ்' என்பதன் கதை இன்னும் வியப்புடையது. 1611 இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் முதற்பதிப்பில் அச்சொல்லே இல்லை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அதனைக் குறியிட்டு எழுதியோர் பலர். 1800 ஆம் ஆண்டளவில் அவ்வழக்கு அருகிற்று. 'அது இருக்கின்றது' என்பதன் குறுக்கத்துக்கே குறி உரித்தாயிற்று. ஆகவே, உடைமைப் பொருளில் இச்சொல்லுக்குக் குறியிடும் மாணவன், அறியாமலே பழைய அறிஞரின் வழக்கைப் பின்பற்றுகின்றான்!

பிற்காலத்திலும் வழக்கு ஒழிந்தபாடில்லை. 1890 இல் அமைந்த அமெரிக்க இடப்பெயர்ச் சபை ஊர்ப்பெயர்களில் உடைமைக் குறியைத் தவிர்த்தது. மார்தாவின் திராட்சைத் தோட்டம் எனப் பொருள்படும் தீவின் பெயர் 1933 இல் தன் குறியை மீளப் பெற்றது. பேர்ணாட் சோ தம் நாடகங்களிற் குறுக்கங்கள் பலவற்றைக் குறியின்றியே அச்சிடச் செய்தார்.

இவற்றைக்கொண்டு குறி வேண்டாததொன்றென முடிவுசெய்தல் தவறு. ஒரு மாணவனின் புத்தகங்களோ, மாணவர் பலரின் புத்தகங்களோ என்னும் வேறுபாட்டை ஆங்கிலத்திற் செவி அறியாது. குறி நிற்கும் இடத்தைக் கண்டு கண்ணே அறியும். எழுதுவோன் எதிரில் இல்லாதபோது படிப்போனுக்குத் துணையாவது அச்சிறு புள்ளியே. அதன் பயன் இதுவெனக் காட்டிப் பின்னர்ப் பிழையைத் திருத்துவது ஆசிரியர் கடன். காரணம் விளங்கிய விதி நெஞ்சில் நிற்கும். விளங்காத விதி பரீட்சை மண்டபத்து வாயில்வரையுமே உடன்வரும்.