மறைந்து கிடந்த ஒரு தலைவர்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணவர்களின் மனக்கண் முன் தோன்றுவன அரசர்களின் முடிகளும், படைகளும், உடன்படிக்கைகளுமே. விளையாட்டுத் திடலுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஒரு நாட்டு மக்கள் யாரைத் தம்முள் ஒருவராக ஏற்றனர், யாரைப் பின்னர் மறந்தனர் என்பதைச் சில வேளைகளில் ஒரு பந்தாட்டக் குழுவின் பெயர்ப்பட்டியலே தெளிவாகக் காட்டிவிடும். அத்தகைய பட்டியல் ஒன்றில் இடம்பெற்ற ஓர் இளைஞரின் வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். ஆண்ட்ரூ வாட்சன் என்பது அவர் பெயர். ஸ்காட்லாந்து நாட்டுக் கால்பந்து அணியில் பின்காவல் ஆட்டக்காரராக நின்றவர். அவ்வணிக்குத் தலைமை தாங்கியவர். நாடுகளுக்கிடையே நடந்த கால்பந்துப் போட்டிகளில் ஆடியவர்களாக நாம் அறிந்த கறுப்பினத்தாருள் முதல்வர்.

வாட்சன் பிறந்தது 1856-ஆம் ஆண்டு மே மாதம். பிறந்த இடம் தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள தெமரரா. அது அந்நாளில் பிரிட்டிஷ் கயானாவின் ஒரு பகுதி. இன்று கயானா என்னும் தனி நாட்டைச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களே அந்நாட்டின் செல்வம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பால் அத்தோட்டங்கள் செழித்தன. 1834-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் முழு விடுதலை கிடைத்தது 1838-இல்தான். அதன்பின் தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தனர். 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் அங்கே சென்றன. நம் தமிழ் மக்கள் பலர் அவற்றில் ஏறிச் சென்று அந்தக் கரும்புக் காட்டில் உழைத்தனர். ஆகவே தெமரரா நமக்கு முற்றிலும் அயலான பெயரன்று.

வாட்சனின் தந்தை பீட்டர் மில்லர் வாட்சன், சர்க்கரைத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஸ்காட்லாந்துக்காரர். தாய் ஹன்னா ரோஸ், அந்நாட்டுக் கறுப்பினப் பெண். தந்தை தம் மகனையும் மகளையும் பிரிட்டனுக்கு அழைத்துச் சென்றார். சிறுவன் ஹாலிஃபாக்ஸ் நகரப் பள்ளி ஒன்றில் பயின்று, பின்னர் இலண்டனிலுள்ள கிங்ஸ் கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தான். அங்கே படிப்போடு பந்தாட்டத்திலும் பெயர் பெற்றான். இதற்கிடையே தந்தை இறந்தார். மகனுக்குக் கணிசமான பொருள் விட்டுச் சென்றார். 19 வயதில் வாட்சன் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்கைத் தத்துவம், பொறியியல் ஆகிய பாடங்களைக் கற்கப் புகுந்தார். ஓராண்டிற்குள் அதை விடுத்துப் பொறியியல் தொழில் பழகத் தொடங்கினார். கல்லூரிக் கூடம் அவரை நெடுநாள் நிறுத்தி வைக்கவில்லை; கிளாஸ்கோவின் பந்துத் திடலோ அவரை விடவில்லை.

அந்தக் காலத்து ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லாவிடில் அவருடைய பெருமை விளங்காது. 1872-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் கிளாஸ்கோவில் மோதின. நாடுகளுக்கிடையே நடந்த முதல் போட்டியாக ஏற்கப்படுவது அதுவே. ஸ்காட்லாந்தின் பதினொரு வீரர்களும் குவீன்ஸ் பார்க் என்னும் ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள். இங்கிலாந்து வீரர் பந்தைத் தம் காலடியிலேயே வைத்து, எதிரியை ஒவ்வொருவராகக் கடந்து செல்ல முயல்வர். பந்து பறிபோனால் அடுத்தவர் ஓடிவந்து எடுத்துக்கொள்வார். ஸ்காட்லாந்துக்காரரோ பந்தைத் தம் தோழருக்குத் தட்டிக் கொடுத்து, தாம் வேறிடம் ஓடி அதை மீண்டும் பெறும் முறையை வளர்த்தனர். இன்று உலகமெங்கும் ஆடப்படும் கால்பந்தாட்டத்தின் உயிர்நாடி இக்கூட்டாட்டமே.

அக்காலத்தில் ஓர் அணியில் முன்னணி ஆட்டக்காரர் அறுவர், நடுவில் இருவர், பின்காவலுக்கு இருவர், கோல் காப்பவர் ஒருவர். அதாவது ஆறு எதிரிகள் பாய்ந்து வரும்போது அவர்களைத் தடுக்கும் கடைசி அரண் அந்த இருவர்தாம். பெனால்டி உதை என்னும் தண்டனை 1891 வரையில் ஆட்டவிதிகளில் இல்லை. தோளால் இடித்துத் தள்ளுவது முறையான ஆட்டமாகவே கருதப்பட்டது. இந்நிலையில் பின்காவலர் அஞ்சா நெஞ்சும் உடல்வலிமையும் மட்டும் பெற்றிருந்தால் போதாது. பந்து எங்கே வரும் என்று முன்னரே உணரும் அறிவும், பறித்த பந்தைப் பதறாமல் தோழரிடம் சேர்க்கும் நிதானமும் வேண்டும். இவை யாவும் வாட்சனிடம் அமைந்திருந்தன.

மாக்ஸ்வெல், பார்க்குரோவ் ஆகிய சிறு சங்கங்களில் ஆடிய அவர், 1880-இல் அந்நாட்டின் தலைசிறந்த சங்கமாகிய குவீன்ஸ் பார்க்கில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அதன் செயலாளராகவும் ஆனார். போட்டிகளை ஏற்பாடு செய்வதும் கடிதப் போக்குவரத்தை நடத்துவதும் செயலாளர் பொறுப்பு. பந்தாட்டத் திறனை மட்டுமே மதித்து ஒருவருக்கு இப்பதவியைத் தருவாரல்லர். ஒழுக்கத்திலும் நேர்மையிலும் நம்பிக்கை இருந்தாலன்றி அது கிட்டாது.

1881-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் வந்தது. இலண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை எதிர்க்கும் ஸ்காட்லாந்து அணியில் வாட்சன் முதன்முறையாக இடம்பெற்றார்; முதல் ஆட்டத்திலேயே தலைவராகவும் நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 24. பிரிட்டிஷ் பேரரசு உலகில் பாதியைத் தன் காலடியில் வைத்திருப்பதாக எண்ணிய நாட்கள் அவை. அப்பேரரசின் தலைநகரில், அடிமைத் தளையில் கிடந்த இனத்தில் தோன்றிய தாய் ஒருத்தியின் மகன், வெள்ளையர் பதின்மருக்குத் தலைவராக நின்றான். ஆட்ட முடிவில் ஸ்காட்லாந்து 6 கோல், இங்கிலாந்து 1 கோல். இங்கிலாந்து தன் சொந்த மண்ணில் அடைந்த தோல்விகளுள் அதனினும் பெரிய தோல்வி இன்றுவரை இல்லை.

இரண்டு நாள் கழித்து வேல்ஸ் நாட்டை அதன் மண்ணிலேயே 5–1 என்ற கணக்கில் ஸ்காட்லாந்து வென்றது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் கிளாஸ்கோவில் இங்கிலாந்தை மீண்டும் 5–1 என்று வென்றது. வாட்சன் ஆடிய மூன்று நாட்டுப் போட்டிகளும் வெற்றியே. மூன்றிலும் சேர்த்து எதிரிகள் அடித்த கோல்கள் மூன்றே என்பதை எண்ணிப் பாருங்கள். குவீன்ஸ் பார்க் 1881, 1882, 1886 ஆகிய ஆண்டுகளில் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றபோதும் அவர் அச்சங்கத்தின் வீரர்.

அப்படியானால் அவர் மூன்று போட்டிகளோடு நின்றதேன்? ஆற்றல் குன்றியதால் அன்று. 1882-இல் தொழிலின் பொருட்டு அவர் இலண்டன் சென்றார். ஸ்காட்லாந்தில் வசிப்போரையே அணிக்குத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. இலண்டனில் ஸ்விப்ட்ஸ் சங்கத்திலும், பின்னர்ப் புகழ்பெற்ற கொரிந்தியன்ஸ் சங்கத்திலும் அவர் ஆடினார். 1884-இல் இங்கிலாந்தின் கோப்பையை வைத்திருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணியைக் கொரிந்தியன்ஸ் 8–1 என்று வீழ்த்தியபோது அதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

இங்கிலாந்தில் 1885-இலும் ஸ்காட்லாந்தில் 1893-இலும்தான் பணம் பெற்று ஆடுவது விதிப்படி ஏற்கப்பட்டது. 1887-இல் பூட்டில் என்னும் சங்கத்தில் ஆடியபோது வாட்சன் ஊதியம் பெற்றிருக்கலாம் என்று கருதுவோரும் உளர். ஆயினும் அவர் வாழ்ந்தது பந்தாட்ட வருவாயால் அன்று. கப்பல் பொறியாளராகத் தொழில் செய்தே வாழ்ந்தார். 1921-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் இலண்டனை அடுத்த கியூ என்னுமிடத்தில் நுரையீரல் அழற்சியால் காலமானார். ரிச்மண்டு இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர்.

அதன்பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றில் நம்மை வருந்தச் செய்யும் பகுதி. அவர் கல்லறை பேணுவாரின்றிக் கிடந்தது. பெயரும் மறைந்தது. கோல்டு கோஸ்டில் பிறந்த ஆர்தர் வார்ட்டன் என்னும் கோல் காப்பாளரே பிரிட்டனின் முதல் கறுப்பினக் கால்பந்து வீரர் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். நானும் என் வகுப்பு மாணவர்க்கு அப்படித்தான் கூறிவந்தேன். வார்ட்டனின் பெருமை குறைந்ததன்று. ஆனால் வாட்சன் அவருக்கு முன்னரே ஆடியவர். பிழை எங்கே நேர்ந்தது? பட்டியலில் 'ஆண்ட்ரூ வாட்சன்' என்ற பெயரைக் கண்டோர், அது ஸ்காட்லாந்துப் பெயர் என்பதால் வெள்ளையர் என்றே எண்ணிக் கடந்து சென்றனர். அணியினரின் பழைய நிழற்படங்களைப் பெயர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. 2012-இல் ஸ்காட்லாந்துக் கால்பந்துப் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவர் மறைந்து நூறாண்டு நிறைந்த காலத்தில் கல்லறையும் செப்பனிடப்பட்டது.

மற்றொன்றையும் கருதவேண்டும். வாட்சனுக்குப் பின் ஸ்காட்லாந்து அணியில் அடுத்த கறுப்பின வீரர் நைஜல் குவாஷி ஆடியது 2004-இல். இடையே 122 ஆண்டுகள். இங்கிலாந்தின் முதன்மை அணியில் விவ் ஆண்டர்சன் ஆடியது 1978-இல்தான். ஒருமுறை திறந்த கதவு தானாகவே திறந்து நிற்கும் என்று நம்புவது தவறு என்பதை இவ்வாண்டுகள் நமக்குக் கற்பிக்கின்றன. முன்னர் ஒருவர் நுழைந்தார் என்ற நினைவே அழிந்தபோது, பின் வந்தோர் ஒவ்வொருவரும் தாமே முதல்வராக நின்று போராட நேர்ந்தது.

நான் பணியாற்றிய பள்ளியின் தலைமையாசிரியர் அறையில் பழைய விளையாட்டுக் குழுவின் படமொன்று தொங்கியது. அதில் இருந்தவர் பன்னிருவர். பெயர் படிக்கும்படி எஞ்சியிருந்தது நால்வருடையது. அப்படத்தின் கீழ் பல ஆண்டுகள் அமர்ந்திருந்தும் மற்ற எண்மர் யாவர் என்று நான் யாரையும் கேட்டதில்லை. வாட்சன் வரலாற்றைப் படித்தபின் அது என் மனத்தை உறுத்துகிறது. மாணவர்களே, உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் அத்தகைய படங்கள் இருக்கும். ஊரில் முதியவர்கள் இருக்கும்போதே படத்தை அவர்களிடம் காட்டி, ஒவ்வொரு முகத்துக்கும் உரிய பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். வரலாற்று ஆராய்ச்சிக்கு அதனினும் நல்ல முதற்பாடம் நான் அறியேன்.